மூன்றாவது குழாய்

டிபன் பாக்ஸின் மூடியைத் திறப்பதற்கு முன்பே அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுவார். இன்றைக்குக் குழம்பில் புளி கூடிப்போச்சு, நான்தான் கரைத்தேன் என்பார். வேறு யார் கரைத்திருக்க முடியும்? வீட்டில் அவரும் அவர் கணவரும் மட்டும்தான். கணவருக்கு அடுப்படி எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியாது. ஆனாலும் அதைச் சொல்லாமல் அடுத்தவர் தட்டில் ஒரு கரண்டி ஊற்ற அவருக்குக் கை வராது. நான் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, புளி சரியாகத்தானே இருக்கிறது என்றால் நம்பமாட்டார். கடைச் சாப்பாடு சாப்பிட்டு உங்களுக்கு நாக்கு செத்துப்போச்சு சார் என்பார்.

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியின் மண் ஆய்வுக்கூடத்தில் அவர் உதவியாளர். நான் அதே அறையில் முனைவர் பட்டத்துக்கு மண்ணைக் குடைந்துகொண்டிருந்தவன். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர் என்பதால் நான் அக்கா என்பேன். அவர் என்னை சார் என்பார். பேப்பரில் கையெழுத்துப் போடத் தெரிந்த எல்லோரும் அவருக்கு சார்தான். அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. மரியாதைக்காக என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வருஷக்கணக்காக அவரைப் பெயர் சொல்லாமலேயே ஊரெல்லாம் பேசியிருக்கிறேன். இப்போது மட்டும் பெயரைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிச் சாமான் உடைவது சாதாரணம். நாங்கள் உடைத்தால், சில்லைப் பொறுக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, அடுத்த மாதம் யாராவது கேட்டால் அது போன வருஷமே உடைந்தது என்போம். அவர் உடைத்தால் சில்லுகளைத் தினத்தாளில் பொதிந்து பேராசிரியர் மேஜையில் கொண்டுபோய் வைப்பார். மேலே ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். காலை பத்து இருபது, என் முழங்கை பட்டு, என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருப்பார். பேராசிரியர் அந்தச் சீட்டுகளை ஒரு கம்பியில் குத்தி வைத்திருந்தார். வருகிறவர்களிடம் எல்லாம் காட்டிச் சிரிப்பார். மனசுக்குள் அவருக்கு இவர்மேல் பெரிய மதிப்பு.

கோவிலிலும் இதே கதைதான். கிறிஸ்தவக் குடும்பம், மூன்று தலைமுறையாகச் சபையில் பாடுகிறவர்கள். ஒரு ஞாயிறு ஆராதனையில் ஒரு பாட்டின் மூன்றாவது சரணத்தில் சுருதி விலகிவிட்டதாம். முடிந்ததும் நேரே பாடகர் குழுத் தலைவரிடம் போய், விலகியது நான்தான் என்று சொல்லியிருக்கிறார். தலைவருக்கு எதுவும் விலகியதாகவே தெரியவில்லை. நாற்பது பேர் பாடினோம் தாயி, இதை யார் கவனித்தார் என்று கேட்டிருக்கிறார். இவர், நான் கவனிச்சேன்லா என்றிருக்கிறார். திங்கட்கிழமை இதை எங்களிடம் சொல்லும்போதும் முகத்தில் சிரிப்பே இல்லை.

நாற்பது பக்க நோட்டு ஒன்று வைத்திருந்தார். அன்றன்றைக்குச் செய்த தவறுகளை எல்லாம் அதில் எழுதுவார். பதினான்காம் மாதிரியில் அரைக் கரண்டி சிந்திவிட்டது. சல்லடையைக் கழுவாமல் அடுத்ததைச் சலித்துவிட்டேன், பிறகு முதலிலிருந்து செய்தேன். இப்படி. நான் அதற்குப் பாவ நோட்டு என்று பெயர் வைத்திருந்தேன். தன் தப்பை மட்டும்தான் அதில் எழுதுவார். அடுத்தவர் செய்தது கண்ணெதிரே நடந்தாலும் அதில் ஏறாது. அவ்வளவு நேர்மையான ஒருவர் பக்கத்து மேஜையில் இருப்பது பெரிய தொந்தரவு. நம்முடைய சின்னச் சின்னத் தில்லுமுல்லுகள் அவர் உள்ளே வந்தவுடன் தாமாகவே எழுந்து நின்றுவிடும். அதனாலோ என்னவோ நான் அவரைக் கொஞ்சம் அதிகமாகவே கிண்டல் செய்தேன்.

எங்கள் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். தாமிரபரணி ஓரத்தில் மனிதர்கள் இரும்பு உருக்கி, நெல் விதைத்து, செத்தவர்களைத் தாழியில் புதைத்து வாழ்ந்த பழங்காலத்தில், மேட்டு நிலத்துச் செம்மண் ஏராளமாகச் சரிந்து பள்ளத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அது ஏன் என்பதுதான் கேள்வி. உலைக்குக் கரி வேண்டும் என்று அவர்கள் காட்டை வெட்டி எரித்தார்கள், மரம் போனதும் மண் போனது என்பது ஒரு பதில். அவர்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, மழை தவறிச் செடிகொடி கருகிப்போய், பிறகு அடித்துப் பெய்த மழையில் மண் போனது என்பது இன்னொரு பதில். எது முந்தி நடந்தது என்று மண்ணையே கேட்கலாம். அடியில் கிடப்பது முந்தியது, மேலே கிடப்பது பிந்தியது. கரித்தூள் அடியிலும் செம்மண் அதன்மேலும் இருந்தால் மனிதன் தொடங்கி வைத்தான் என்று பொருள். செம்மண் அடியிலும் கரி மேலேயும் இருந்தால் மழைதான் தொடங்கி வைத்தது.

ஸ்ரீவைகுண்டத்துக்கு மேற்கே வாழைத் தோட்டங்களுக்கு நடுவில் ஆறு எப்போதோ கைவிட்டுப் போன ஒரு மடு இருக்கிறது. கோடையில் தண்ணீர் வற்றியதும் அதில் இறங்கி, ஒரு மீட்டர் நீளப் பிளாஸ்டிக் குழாயைச் சம்மட்டியால் அடித்து இறக்குவோம். சேறு அடுக்குக் கலையாமல் குழாய்க்குள் ஏறிக்கொள்ளும். சங்கிலி மாட்டி இழுத்து, இரண்டு முனைகளையும் மூடிப் படுக்கப் போடுவோம். பிறகு அதே துளையில் அடுத்த குழாய் இறங்கும். இப்படி ஐந்து குழாய். ஒவ்வொன்றும் வெளியே வந்த உடனே, எந்த முனை மேலே இருந்தது என்று அம்புக்குறி போட வேண்டும். போடாமல் விட்டால் முடிந்தது. படுத்துக் கிடக்கும் குழாய்க்குத் தலை எது கால் எது என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது.

அந்தக் குறி போடுகிற வேலை அவருடையது. கடைப் பேனாக்கள் சேற்றில் எழுதாது, எழுதினாலும் அழிந்துவிடும். அதனால் அவர் சிவப்பு நெயில் பாலிஷ் வாங்கி வைத்திருந்தார். ஒருநாள்கூடத் தன் நகத்துக்குப் போட்டதில்லை. பேன்சி ஸ்டோருக்குப் போய், எத்தனை நாள் தண்ணியில கிடந்தாலும் போகக்கூடாது என்று கேட்பாராம். கடைக்காரர், யாருக்குக்கா கல்யாணம் என்று கேட்டால், சேத்துக்கு என்பாராம். முதன்முதலில் ஒரு குழாயை அறுத்துக் காட்டியபோது, கரித்தூள் கறுப்புக் கோடாகத் தெரிந்ததைப் பார்த்து அவர் சொன்னது எனக்கு மறக்கவில்லை. இவங்களும் எரிச்சதை எழுதித்தான் வச்சிருக்காங்க சார் என்றார்.

ஒரு கோடையில் நாங்கள் அந்த மடுவில் இறங்கிய நாளன்று அவருக்கு உடம்பு சரியில்லை. மூன்று மாதம். கணவரைத் தவிர யாருக்கும் சொல்லியிருக்கவில்லை, எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. நாலைந்து தடவை கரையேறிப் போய் வாந்தி எடுத்துவிட்டுத் திரும்பி வந்து குறி போட்டார். பேராசிரியர் அன்று வரவில்லை. நானும் கூலிக்கு வந்த இரண்டு பேரும்தான். மூன்றாவது குழாயை நாங்கள் இழுத்து வெளியே எடுத்தபோது அவர் கரையில் மரத்தடியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் முனைகளை மூடிப் படுக்கப் போட்டேன். அவர் வந்து குறி போடுவார் என்று நினைத்தேன். அதற்குள் தூக்குவாளியில் தேநீர் வந்தது. நான் குடிக்கப் போனேன். கூலிக்காரர்கள், குழாய் வெயிலில் காயுதே என்று அதைத் தூக்கி வாழை நிழலில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள்.

திரும்பி வந்து பார்த்தால் குழாயில் குறி இல்லை. எந்த முனை மேல் என்று எனக்குத் தெரியவில்லை. தூக்கி வைத்தவர்களுக்கும் தெரியவில்லை. செய்ய வேண்டியது ஒன்றுதான், வேறு துளை போட்டு முதலிலிருந்து தொடங்குவது. அரைநாள் வேலை வீண். வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு முனையில் ஈரம் கொஞ்சம் கூடுதலாக இருப்பதுபோல் பட்டது. அதை அடி என்று முடிவு செய்தேன். அவர் பையின் பக்கத்தில் கிடந்த நெயில் பாலிஷை எடுத்து, அவர் போடுவது மாதிரியே ஒரு அம்புக்குறி போட்டுவிட்டேன். அவர் திரும்பி வந்து வரிசையாகக் கிடந்த மூன்று குழாய்களையும் பார்த்தார். மூன்றிலும் குறி இருந்தது. மயக்கத்தில் போகிற போக்கில் தானே போட்டிருப்போம் என்று நினைத்துக்கொண்டார். நான் போட்டேன் என்று நான் சொல்லவில்லை. சத்தியமாக, அந்த நேரத்தில் அதை மறைக்க வேண்டிய விஷயம் என்றுகூட நான் நினைக்கவில்லை.

மறைத்தது அதற்குப் பிறகுதான். ஒரு வாரம் கழித்து ஆய்வுக்கூடத்தில் குழாய்களை நீளவாக்கில் அறுத்து, ஒன்றன்கீழ் ஒன்றாக மேஜையில் பரப்பியிருந்தோம். அவர் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"சார், ரெண்டாவது முடியுத இடம் செகப்பா இருக்கு. மூணாவது தொடங்குத இடம் கருப்பா இருக்கு. ஒண்ணோட ஒண்ணு ஒட்டலையே."

நானும் பார்த்தேன். பார்த்த உடனே தெரிந்துவிட்டது. மூன்றாவது குழாயைத் திருப்பி வைத்தால் சிவப்பு சிவப்போடு சேர்ந்துகொள்ளும். என் குறிதான் தலைகீழ். ஒரு வார்த்தை சொன்னால் போதும், இரண்டு பேரும் சேர்ந்து திருப்பி வைத்திருக்கலாம். பத்து நிமிஷ வேலை. ஆனால் யார் குறி போட்டது என்ற பேச்சு வரும். கேட்காமல் ஊகமாகப் போட்டேன் என்பது பேராசிரியருக்குத் தெரிந்துவிடும். அதனால் நான், இரண்டு குழாய்க்கும் நடுவில் கொஞ்சம் சேறு உதிர்ந்து போவது வழக்கம்தான், அதனால் அப்படித் தெரிகிறது என்றேன். படித்தவன் குரலில் சொன்னேன். அவர் இன்னொரு தடவை பார்த்துவிட்டு, படிச்சவங்க சொல்லுதீங்க, சரியாத்தான் இருக்கும் என்று நகர்ந்துவிட்டார். தன் கண் கண்டதைவிட என் பேச்சைப் பெரிதாக எடுத்துக்கொண்டார். நான் நிம்மதியாக மூச்சு விட்டேன்.

காலத்தைக் கணிப்பதற்கு முதல் குழாயிலிருந்தும் ஐந்தாவது குழாயிலிருந்தும் மட்டுமே மண் அனுப்பினோம். நடுவில் இருந்ததெல்லாம் அம்புக்குறியை நம்பித்தான் நின்றது. முடிவு வந்தது. கரிக்கு முன்பே செம்மண் வந்துவிட்டது, ஆகவே மழைதான் காரணம், மனிதர்கள் மேல் பழியில்லை. பேராசிரியர் கட்டுரை எழுதினார். அதில் என் பெயரும் இருந்தது. மழையின் தலையில் பழி விழுந்ததில் எல்லோருக்கும் சந்தோஷம். ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு கூட்டத்தில் நான் இதைச் சொன்னபோது, முன்வரிசையில் இருந்த வாழைத்தார் வியாபாரி அண்ணாச்சி ஒருவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்தார். நம்ம ஆளுக காட்டை அழிக்கலைன்னு நிரூபிச்சிட்டீரு வே என்றார். நான் பணிவாகச் சிரித்துக்கொண்டேன்.

பேராசிரியர் சந்தேகப் பிராணி. அடுத்த கோடையில், எதற்கும் இன்னொரு துளை போட்டுப் பார்ப்போம் என்று அவரே மடுவில் இறங்கினார். வந்த மண் எங்கள் கட்டுரைக்கு நேர் எதிராக இருந்தது. அடியில் கரி, மேலே செம்மண். ஐயம் தீர இன்னொன்று எடுத்தார். அதுவும் அப்படியே. பழைய குழாய்களைக் கிடங்கிலிருந்து எடுத்துவரச் சொல்லி மேஜையில் வைத்துப் பார்த்தார். மூன்றாவது குழாயைக் கையில் எடுத்தார், திருப்பி வைத்தார். எல்லாம் ஒன்றோடொன்று பொருந்திவிட்டது. பிறகு அம்புக்குறியைச் சுட்டிக்காட்டி, இதைப் போட்டது யார் என்று மெதுவாகக் கேட்டார். சத்தம் போடுகிற மனிதர் இல்லை அவர்.

அக்கா அப்போது பிள்ளை பெற்றுத் திரும்பி வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. குனிந்து குறியைப் பார்த்தார்.

"என் பாலிஷ்தான் சார். அன்னைக்குத் தலை கிறுகிறுன்னு இருந்துச்சு. நாந்தான் மாத்திப் போட்டிருக்கேன்."

பிறகு ஓடிப்போய்ப் பாவ நோட்டை எடுத்துவந்தார். அந்தத் தேதிக்கான பக்கத்தைத் தேடினார். அதில் குழாயைப் பற்றி ஒன்றும் இல்லை. இல்லை என்றால் என்ன அர்த்தம்? வேறு யாராக இருந்தாலும், பார்த்தீர்களா, நான் செய்யவில்லை என்று சொல்லியிருப்பார்கள். அவர் அதை அப்படிப் பார்க்கவில்லை. தப்பும் பண்ணிட்டு எழுதாமலும் விட்டிருக்கேனே என்று அழ ஆரம்பித்துவிட்டார். ஒட்டவில்லை என்று அவர் அன்றைக்கே என்னிடம் சொன்னார் அல்லவா, அதையாவது சொல்லியிருக்கலாம். அதையும் சொல்லவில்லை. அது என் தப்பு, அவர் நோட்டில் அதற்கு இடம் கிடையாது.

நான் எங்கே இருந்தேன்? இரண்டு எட்டு தள்ளி நின்று, ஏற்கெனவே துடைத்து வைத்த தட்டைத் துணியால் மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த மாதம் எனக்கு ஒரு கல்லூரியில் வேலைக்கு நேர்காணல் இருந்தது. பேராசிரியரின் கடிதம் வேண்டும். அப்போது நான் ஒப்புக்கொண்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று பலதடவை யோசித்திருக்கிறேன். திட்டியிருப்பார். ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசியிருக்கமாட்டார். அப்புறம் கடிதமும் கொடுத்திருப்பார். அவ்வளவுதான். பெரிய ஆபத்துக்குப் பயந்து வாயை மூடினேன் என்றாலாவது சொல்லிக்கொள்ள ஒரு காரணம் இருக்கும். நான் பயந்தது ஒரு வாரத் திட்டுக்கு.

பேராசிரியர் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அக்காவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. உடம்பு முடியாத பிள்ளையை வெயிலில் நிறுத்தியது என் தப்பு என்றுகூடச் சொன்னார். ஆனால் மறுநாள் காலையில் அக்கா நெயில் பாலிஷ் பாட்டிலைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். இனிமே நீங்களே குறி போட்டுருங்க சார், உங்க கைதான் சரி என்றார். நான் அதையும் வாங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு எடை பார்த்தால் மூன்று தடவை பார்ப்பார். மூன்றாவது தடவை பார்த்ததையும் என்னிடம் காட்டிக் கேட்பார். நாலு மாதத்தில் தானாகவே வேலையை விட்டுவிட்டார். கடைசி நாளில் எல்லோருக்கும் கேக் கொண்டுவந்திருந்தார். கேக்கைப் பற்றி எந்தக் குறையும் சொல்லவில்லை. அதைக் கவனித்ததும் நான் ஒருவன்தான்.

எனக்கு வேலை கிடைத்தது. இருபது வருஷமாகப் பாடம் நடத்துகிறேன். ஒவ்வொரு வருஷமும் முதல் வகுப்பில், குறி போடுவது எவ்வளவு முக்கியம் என்று பிள்ளைகளுக்கு மனதில் பதிய வேண்டும் என்பதற்காக ஒரு கதை சொல்வேன். எங்க லேப்ல ஒரு அக்கா இருந்தாங்க, மேலே எது கீழே எதுன்னு மாத்திப் போட்டுட்டாங்க, ஒரு நாகரிகத்தோட வரலாறே தலைகீழாப் போச்சு என்பேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். நான் நன்றாகச் சொல்வேன். வருஷா வருஷம் சொல்லிச் சொல்லி, அக்கா குனிந்து பார்ப்பதை நடித்துக் காட்டும் அளவுக்குத் தேறியிருந்தேன். முதலில் சில வருஷம் சொல்லும்போது நெஞ்சு உறுத்தும். பிறகு அதுவும் நின்றுபோனது. உண்மையில் அப்படித்தான் நடந்தது என்று நானே நம்பத் தொடங்கியிருந்தேனோ என்னவோ.

சமீபத்தில் ஒரு மார்கழியில் வந்த பெருவெள்ளத்துக்குப் பிறகு எனக்குக் கிராக்கி கூடியது. ஒரே ராத்திரியில் மேட்டுச் செம்மண் வந்து வாழைத் தோட்டங்களில் சாண் கணக்கில் படிந்து கிடந்தது. ஏன் இப்படி என்று சொல்ல ஆள் வேண்டுமே. கல்லூரிகளில் கூப்பிட்டார்கள். மழை பெய்தால் மட்டும் இவ்வளவு மண் வராது, மேலே நாம் என்ன செய்து வைத்திருக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும், அந்தக் காலத்திலும் இதுதான் நடந்தது, காட்டை எரித்தது மனிதன், அவிழ்ந்து கிடந்த மண்ணை வாரிக்கொண்டு போனது மழை என்று முழங்குவேன். நடுவில் அக்கா கதையும் வரும். கூட்டம் சோர்ந்திருக்கும்போது அது கைகொடுக்கும்.

திருநெல்வேலியில் ஒரு பெண்கள் கல்லூரியில் பேசிவிட்டு இறங்கினேன். தேநீர் குடிக்கும் இடத்தில் ஒரு பெண் தயங்கித் தயங்கி வந்து நின்றாள். புவியியல் படிக்கிறாளாம். சார், நீங்க சொன்ன கதையில வர்ற அக்கா எங்கம்மாதான் என்றாள்.

எனக்குக் கையில் கோப்பை இருந்தது நினைவிருக்கிறது. அவள் முகத்தில் கோபமே இல்லை. வீட்டில் அம்மா உங்களைப் பற்றி நல்லபடியாகத்தான் சொல்வார்கள் என்றாள். தான் வயிற்றில் இருந்த மயக்கத்தில் அம்மா செய்த தப்பு அது என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்ததாகச் சொன்னாள். சேட்டை செய்தால், நீ வயித்துல இருக்கும்போதே என் பேரைக் கெடுத்தவ என்று அம்மா வேடிக்கையாகத் திட்டுவார்களாம். சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள்.

"தன்னால உங்க எல்லாருக்கும் தலைகுனிவாப் போச்சேன்னு அம்மா இப்பவும் வருத்தப்படுதாங்க சார். அவங்களுக்காக நான் உங்கக்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிடுதேன்."

அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா, பழைய கதை, மனசுல வச்சுக்க வேண்டாம்னு அம்மாக்கிட்ட சொல்லு என்றேன். தலையில் கைவைத்து ஆசீர்வாதம் செய்யாத குறை. அந்தப் பெண்ணை நான் பெருந்தன்மையோடு மன்னித்தேன். கார் ஏறிய பிறகுதான் எனக்கு உறைத்தது. நான் செய்த எல்லாவற்றிலும் கேவலமானது எது என்று கேட்டால், மடுவில் போட்ட குறியைச் சொல்லமாட்டேன். இதைத்தான் சொல்வேன்.

அவர்கள் வீடு முக்கூடலில். போக வேண்டும் என்று முடிவு செய்து இரண்டு சனிக்கிழமைகளை ஏதோ சாக்குச் சொல்லிக் கடத்தினேன். மூன்றாவது சனிக்கிழமை மதியம் பேருந்தில் போய் இறங்கி விசாரித்தேன். கணவர் வாழை இலை வியாபாரம். முன்கூடத்தில் இலைக்கட்டுகள் குவிந்து கிடந்தன. அக்கா தரையில் உட்கார்ந்து கிழிந்த இலைகளைத் தனியே பிரித்துக்கொண்டிருந்தார். தலை பாதிக்குமேல் நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் அவசரமாக எழுந்து, வாங்க சார், வாங்க சார், நம்ம வீடு தேடி வந்திருக்கீங்களே என்று நாற்காலியைச் சேலைத் தலைப்பால் துடைத்துப் போட்டார். காப்பி வந்தது. மகள் உள்ளே படித்துக்கொண்டிருந்தாள், எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள்.

என்ன பேசுவது என்று தெரியாமல், அப்புறம் வேறு எங்கும் வேலைக்குப் போகவில்லையா என்று கேட்டேன். அவரிடம் ரத்தப் பரிசோதனைக்கான டிப்ளமா இருந்தது எனக்கு நினைவிருந்தது. பிள்ளைக்கு மூன்று வயது ஆனபோது அரசு ஆஸ்பத்திரியில் வேலைக்கு உத்தரவே வந்ததாம். போய்ச் சேரவில்லை.

"மண்ணுல மாத்திக் குறிச்சேன், ஒரு கட்டுரையோட போச்சு. ரத்தத்துல மாத்திக் குறிச்சா ஆளுல்லா போயிரும். இந்தக் கையை நம்பி எப்படி சார் போய்ச் சேருவேன்?"

வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ரொம்ப நாளைக்கு முன்பே தீர்ந்துபோன ஒரு கணக்கைச் சொல்வதுபோல் சொன்னார். அவர் கணவர் அந்தக் காலத்தில் எவ்வளவோ கெஞ்சியிருக்கிறார். சபையில் ஐயரை அழைத்து வந்துகூடப் பேசவைத்திருக்கிறார், எங்கள் பக்கம் பாதிரியாரை அப்படித்தான் சொல்வார்கள். இவர் அசையவில்லை. நான் வந்த காரியத்தைச் சொல்லாமல் எழுந்து ஓடிவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

பிறகு சொன்னேன். மூன்றாவது குழாயில் குறி போட்டது நீங்கள் இல்லை, நீங்கள் மரத்தடியில் இருந்தீர்கள், உங்கள் பாட்டிலை எடுத்து நான்தான் போட்டேன் என்றேன். அவர் கையில் இருந்த இலையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"அது தலைகீழ்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"நீங்க ஒட்டலைன்னு சொன்னீங்கல்லா, அன்னைக்கே."

அக்கா தன் இரண்டு கைகளையும் விரித்து உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, ஏட்டி, இங்கன வா, உங்கப்பாவையும் கூப்பிடு என்றார். மகளும், பின்கட்டில் இருந்த கணவரும் வந்து நின்றார்கள். இவங்க முன்னாடி ஒருக்கச் சொல்லுங்க சார் என்றார் அக்கா.

நான், அந்தக் காலத்தில் அந்தக் குழாய் விஷயத்தில் ஒரு தப்பு நடந்துபோச்சு என்று ஆரம்பித்தேன். இவ்வளவு தூரம் வந்த பிறகும் என் வாய்க்கு அப்படித்தான் பேச வந்தது. அவர் விடவில்லை. தப்பு நடந்தது இவங்களுக்கே தெரியும் சார், யாரு செஞ்சான்னு சொல்லுங்க என்றார். சொன்னேன். குறியை நான் போட்டதை, அவர் கண்டுபிடித்துச் சொன்னபோது வாயை அடைத்ததை, அவர் அழுதபோது தட்டைத் துடைத்துக்கொண்டிருந்ததை, மேடையில் நடித்துக் காட்டியதை எல்லாம் வரிசையாகச் சொன்னேன். அந்தப் பெண் என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. அன்னைக்கு நான் மன்னிப்புக் கேட்டப்ப பேசாம வாங்கிக்கிட்டீங்களே சார் என்று மட்டும் கேட்டாள். நான் தலையை ஆட்டினேன்.

கணவர் நல்ல மனிதர். வீட்டுக்கு வந்தவனை இப்படி நிற்க வைப்பது அவருக்குச் சங்கடமாக இருந்தது. விடுங்க சார், இருபது வருஷம் ஓடிப்போச்சு, பரவாயில்ல என்றார்.

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க சொல்லாதீங்க. அது நான் சொல்ல வேண்டியது" என்றார்.

மூன்று பேரும் அவரைப் பார்த்தோம். அவர் மடியில் இருந்த இலையை எடுத்து, கிழிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நல்ல இலைகளோடு வைத்தார். பிறகு, நாலரைக்கு ஒரு பஸ் இருக்கு சார், பைய நடந்தா சரியா இருக்கும் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். நான் எழுந்தேன். வாசலில் செருப்பை மாட்டும்போது, இப்போதாவது அந்த வார்த்தை வரும் என்று, சரியாக இருந்த வாரை மறுபடி சரிசெய்வதுபோல் குனிந்தே நின்றேன். உள்ளே அவர் மகளிடம் அடுத்த கட்டை எடுத்துத் தரச் சொன்னார்.